பழைய டெஸ்க்டாப்பில் எக்ஸ்டர்னல் டிவிடி டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் ஒரு கட்டு சிடி, டிவிடி இருக்கிறது. மேசைக்கடியில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்த டெஸ்க்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்த டிஸ்க் டிரைவ் மட்டும் படுத்துவிட்டது. யூஎஸ்பியில் மாட்டுகிற எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றை வாங்கினால் வேலை நடக்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். பெரும்பாலும் நடக்கும். நடக்காதபோது யூஎஸ்பி எண்ணையும் (2.0, 3.0) விண்டோஸ் பதிப்பையும்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். நான் பார்த்தவரை முக்கால்வாசி நேரம் டிரைவுக்குப் போதுமான மின்சாரம் போய்ச் சேராததுதான் காரணம். அதனால் கீழே அந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

பழைய டிரைவ் நிஜமாகவே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிதாக வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கை வைக்கும் தட்டு (டிரே) திறக்காதது மட்டுமே பிரச்சினை என்றால், உள்ளே தட்டைத் தள்ளும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருக்கலாம். பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், தட்டு மட்டும் நகராது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டிரைவின் முகப்பில் இருக்கும் ஊசித்துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்துங்கள். தட்டு கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். டிஸ்க்கை வைத்து மூடிய பிறகு டிரைவ் ஒழுங்காகப் படித்தால் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும். படிக்கவே இல்லையென்றால் லென்ஸ் அல்லது லேசர் தேய்ந்திருக்கும். அப்போது புது டிரைவ் பக்கம் போகலாம்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது யூஎஸ்பி 2.0. இப்போது விற்பதெல்லாம் 3.0 டிரைவ். மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். 3.0 பிளக்கில் பழைய நான்கு தொடுமுனைகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கூடுதலாக வந்த ஐந்தும் வேறு வரிசையில் இருக்கின்றன. பழைய போர்ட்டில் செருகினால் அந்த ஐந்தும் சும்மா இருக்கும், டிரைவ் 2.0 வேகத்தில் பேசும்.

வேகம் குறையுமே என்ற கவலை டிவிடி வரைக்கும் வேண்டாம். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.39 எம்பி. மெல்லிய எக்ஸ்டர்னல் டிரைவ்கள் வழக்கமாக 8எக்ஸ் வரை படிக்கும், அதாவது நொடிக்கு 11 எம்பி. சிடி 24எக்ஸ் என்றால் வெறும் 3.6 எம்பி. யூஎஸ்பி 2.0 காகிதத்தில் 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி அளவுக்குத் தரும். ஆக, டிவிடி டிரைவுக்கு 2.0 போதும், இடமும் மிச்சம். ப்ளூரேயில் மட்டும்தான் கணக்கு நெருக்கிப் பிடிக்கும்: 1எக்ஸ் 4.5 எம்பி, 6எக்ஸ் 27 எம்பி. அதுவும்கூட 2.0வின் விளிம்பில் ஓடிவிடும்.

யூஎஸ்பி 1.1 மட்டுமே இருக்கும் கம்ப்யூட்டர் என்றால்?

முதலில் அது 1.1தானா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 வரையறை வந்தது 2000 ஏப்ரலில். மதர்போர்டுகளில் பரவலாக வர மேலும் ஓரிரு வருடம் ஆனது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளின் பட்டியல்) யூஎஸ்பி பகுதியை விரித்தால் 'என்ஹான்ஸ்டு' என்ற சொல்லோடு ஒரு கன்ட்ரோலர் தெரிகிறதா? தெரிந்தால் 2.0 உண்டு. தெரியாவிட்டால் டிரைவர் (கருவியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்) போடாமல் விட்டிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட வேண்டும். மதர்போர்டில் வசதி இருந்தும் டிரைவர் இல்லாததால் 1.1 வேகத்திலேயே பல வருடம் ஓடிய கம்ப்யூட்டர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 1, விண்டோஸ் 2000 என்றால் சர்வீஸ் பேக் 4 போட்ட பிறகுதான் 2.0 முறையாக வேலை செய்யும்.

உண்மையிலேயே 1.1 என்றால் அதன் உச்சம் 12 மெகாபிட், கைக்குக் கிடைப்பது நொடிக்கு 1 எம்பி போல. ஒரு முழு சிடியை நகலெடுக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், பொறுத்துக்கொள்ளலாம். முழு டிவிடிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். டிவிடியின் 1எக்ஸ் வேகத்தையே அது எட்டாததால் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் ஒரு பிசிஐ ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு செருகும் இடம்) காலியாக இருந்தால் யூஎஸ்பி 2.0 கார்டு ஒன்றைச் செருகிவிடுவது நல்லது. அந்த வயதுக் கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவில் பலன் உடனே கண்ணில் தெரிவது இதில்தான்.

மாட்டினால் விளக்கு எரிகிறது, ஆனால் டிரைவ் வருகிறது, போகிறது. டிரைவ் பழுதா?

இதுதான் நான் சொன்ன மின்சாரப் பிரச்சினை. திருப்பிக் கொடுக்கப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கே நடந்தது. பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒன்றில் வீட்டுக் குழந்தை முதல் அடி எடுத்துவைத்த வீடியோ இருந்த டிவிடியைப் படிக்கவேண்டும். புது டிரைவை முன்பக்க யூஎஸ்பியில் மாட்டினேன். விண்டோஸ் 'டிங்' என்றது, மை கம்ப்யூட்டரில் ஐகான் வந்தது. டிஸ்க்கை வைத்து மூடினேன். உள்ளே சுற்ற ஆரம்பித்து 'ஊம்...' என்று ஏறிய சத்தம் பாதியிலேயே இறங்கியது, பச்சை விளக்கு மங்கியது, ஐகான் மறைந்தது. இரண்டு நொடி கழித்து மறுபடி 'டிங்'. இப்படியே ஐந்தாறு தடவை. டிஸ்க் இல்லாமல் விட்டால் டிரைவ் சமர்த்தாக இருந்தது. டிஸ்க்கை வைத்தால்தான் தடுமாறியது. துப்பு அதிலேயே இருந்தது.

டிஸ்க்கை நிலையிலிருந்து சுழல வைக்கும் அந்த ஓரிரு நொடிதான் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும் நேரம். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. டிரைவின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 5 வோல்ட், ஓர் ஆம்பியர் அல்லது அதற்கும் மேல் என்று போட்டிருப்பது சகஜம். போர்ட்டால் கொடுக்க முடியாததை டிரைவ் கேட்கும்போது வோல்ட்டேஜ் சரிகிறது, டிரைவுக்குள் இருக்கும் சிப் அணைந்து மறுபடி எழுகிறது. விண்டோஸுக்கு அது கேபிளைப் பிடுங்கிச் செருகியது போலத் தெரிகிறது.

அதிலும் முன்பக்க போர்ட் மோசம். அது மதர்போர்டிலிருந்து மெல்லிய ஒயர் வழியாகக் கேபினெட்டின் முகப்பு வரை வருகிறது. ஒயரின் நீளத்திலும் தேய்ந்த தொடுமுனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டேஜ் விழும். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. நான் அந்த டிரைவைப் பின்பக்கம் மாற்றி, கூடவே வந்த நீளமான கேபிளை எடுத்துவிட்டு ஒரு சாண் கேபிளைப் போட்டதும் டிஸ்க் தடங்கலில்லாமல் சுற்றி நின்றது. குழந்தை நடந்த அந்த நாற்பது நொடி வீடியோ பத்திரமாக வந்துவிட்டது.

இன்னொன்று. அந்தக் கால மதர்போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி போர்ட் அருகே மூன்று ஊசிகளில் ஒரு ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) இருக்கும். போர்ட்டுக்கு மின்சாரம் முதன்மை 5 வோல்ட்டிலிருந்து வரவேண்டுமா, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டிலிருந்து வரவேண்டுமா என்று தீர்மானிப்பது அது. கீபோர்டைத் தட்டிக் கம்ப்யூட்டரை எழுப்புவதற்காக யாராவது ஸ்டாண்ட்பை பக்கம் மாற்றி வைத்திருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) ஸ்டாண்ட்பை லைன் பலவீனமானது. மதர்போர்டு கையேட்டைப் பார்த்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முதன்மைக்கு மாற்றுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை. ஒய் கேபிள் வாங்கலாமா, ஹப் வாங்கலாமா?

ஒய் கேபிள் என்பது டிரைவ் பக்கம் ஒரு முனையும் கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு முனையும் உள்ளது. இரண்டாவது முனை மின்சாரத்தை மட்டும் எடுக்கும். யூஎஸ்பி விதிப்படி இது முறையான ஏற்பாடு கிடையாது, ஆனாலும் பின்பக்கத்தின் இரண்டு போர்ட்டுகளிலும் செருகினால் பழைய கம்ப்யூட்டரில் நன்றாகவே உதவுகிறது.

ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வாங்கினால் தனி அடாப்டரோடு வருவதை மட்டும் வாங்குங்கள். அடாப்டர் இல்லாத ஹப் கம்ப்யூட்டரிடமிருந்து கிடைக்கும் அதே 500 மில்லி ஆம்பியரைப் பங்கு போடுகிறது. ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்பியர்தான் அதன் கணக்கு. அதில் டிரைவை மாட்டினால் நிலைமை இன்னும் கெடும்.

சில டிரைவ்களின் பின்னால் சின்ன வட்டமான மின்சாரத் துளை இருக்கும். அதற்கு 5 வோல்ட் அடாப்டர்தான். வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டரின் முனை அதில் பொருந்தலாம், ஆனால் அது பெரும்பாலும் 9 அல்லது 12 வோல்ட். மாட்டிய நொடியே டிரைவ் எரிந்துவிடும். தயவுசெய்து அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும், நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்ற சின்னப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப் என்றால் என் முதல் சிபாரிசு இவை எதுவுமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக மின்சாரம் வாங்கும் நான்கு முனைத் துளை உள்ள யூஎஸ்பி 3.0 கார்டு ஒன்றைப் போடுங்கள். மின்சாரக் கவலை அதோடு தீரும். கார்டுக்கு உங்கள் விண்டோஸுக்கான டிரைவர் உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 3.0க்கான டிரைவர் விண்டோஸ் 8இலிருந்துதான் கூடவே வருகிறது. எக்ஸ்பி, விஸ்டா, 7 எல்லாவற்றுக்கும் தனியாகப் போடவேண்டும்.

எந்த விண்டோஸில் தானாக வேலை செய்யும்?

விண்டோஸ் எம்இ, 2000, எக்ஸ்பி, அதற்குப் பின் வந்த எல்லாவற்றிலும் டிரைவை மாட்டினாலே போதும், தனி டிரைவர் வேண்டாம். பெட்டியில் 'விண்டோஸ் 10, 11' என்று மட்டும் அச்சிட்டிருந்தாலும் எக்ஸ்பியில் வேலை செய்யும். எல்லா டிரைவும் ஒரே பொதுமொழியில் பேசுவதால் இது முடிகிறது. டிரைவோடு வரும் சாஃப்ட்வேர்தான் பழைய விண்டோஸில் ஏறாமல் போகும். அது இல்லாமலே டிரைவ் இயங்கும்.

விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் யூஎஸ்பி உண்டு, ஆனால் சேமிப்புக் கருவிகளுக்கான பொது டிரைவர் கிடையாது. இன்றைய டிரைவ் எதற்கும் 98க்கான டிரைவரை யாரும் தருவதில்லை. என்டி 4இல் யூஎஸ்பியே இல்லை. இவற்றில் எக்ஸ்டர்னல் டிரைவோடு மல்லுக்கட்டுவதைவிட உள்ளே ஐடிஇ (அகலமான பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிரைவ் போடுவது எவ்வளவோ மேல்.

லினக்ஸில் 2001இல் வந்த 2.4 கெர்னல் காலத்திலிருந்தே பெரிய சிக்கல் இல்லை.

நேற்று வரை வந்த டிரைவ் இன்று மை கம்ப்யூட்டரில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் டிரைவில் குற்றமில்லை. எக்ஸ்பி, விஸ்டா, 7 காலத்து நோய் இது: டிஸ்க் ரைட் செய்யும் பழைய சாஃப்ட்வேர் ஒன்றை நீக்கியிருப்பீர்கள், அது ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்) தன் வாலை விட்டுப் போயிருக்கும். டிவிடி டிரைவ்களுக்கான பகுதியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்று இரண்டு பதிவுகள் இருக்கும். அவை இல்லாமல்போன ஃபைலைத் தேடித் தடுக்கி விழுகின்றன. டிவைஸ் மேனேஜரில் 19, 31, 32, 39 ஆகிய எண்களில் ஒன்று காட்டும். ரிஜிஸ்ட்ரியை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் ஹார்ட் டிஸ்க், கீபோர்டு பகுதிகளிலும் பதிவுகள் உண்டு. சிடி டிரைவ் பகுதியில்தான் நிற்கிறோமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு நீக்குங்கள்.

இந்த டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்து விண்டோஸ் போடலாமா?

அதை முடிவு செய்வது பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதே டிரைவை மாட்டி, டிஸ்க்கையும் உள்ளே வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பூட் பட்டியலில் யூஎஸ்பி சிடிராம் என்ற பெயரிலோ டிரைவின் பெயரிலோ வரவேண்டும். வராவிட்டால் பயாஸில் 'யூஎஸ்பி லெகசி' என்ற அமைப்பு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பழைய பயாஸ்களில் யூஎஸ்பி ஃபிளாப்பிக்கும் ஜிப் டிரைவுக்கும் மட்டும் இடம் கொடுத்துவிட்டு சிடியை விட்டிருப்பதும் உண்டு. பிறகு மாட்டிய யூஎஸ்பி கார்டு வழியாக பூட் ஆகும் என்று பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. மதர்போர்டின் சொந்த போர்ட்டில்தான் முயல வேண்டும்.

விண்டோஸ் 7 போடும்போது பாதியில் 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று ஒரு செய்தி வந்து நின்றால் பயப்படாதீர்கள். பயாஸ் டிரைவைப் படித்து நிறுவலைத் தொடங்கிவிட்டது, விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3.0 தெரியாததால் கை நழுவிவிட்டது, அவ்வளவுதான். ரத்து செய்து முதல் திரைக்கு வந்து, டிரைவை 2.0 போர்ட்டுக்கு மாற்றித் தொடருங்கள்.

டேட்டா டிஸ்க் திறக்கிறது, டிவிடி படம் ஓடவில்லை. ஏன்?

டிரைவ் தன் வேலையைச் செய்துவிட்டது. படத்தை விரித்துக் காட்டும் டிகோடர்தான் இல்லை. எக்ஸ்பியில் அது கிடையாது, 7இன் சில பதிப்புகளில் உண்டு, 8இலிருந்து மீடியா பிளேயரில் எடுத்துவிட்டார்கள். விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டால் முடிந்தது. அதன் 3.0 பதிப்பு சர்வீஸ் பேக் 3 உள்ள எக்ஸ்பியிலும் ஓடும்.

கடையில் வாங்கிய படத்தட்டு என்றால் ரீஜியன் எண்ணும் (படம் எந்த நாடுகளில் ஓடலாம் என்று குறிக்கும் எண்) குறுக்கே வரலாம். 2000ஆம் ஆண்டு முதல் இந்த எண் டிரைவுக்குள்ளேயே பதிகிறது, ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவது மாற்றம் நிரந்தரம். ஆகவே கேட்கும்போதெல்லாம் 'சரி' அழுத்திவிடாதீர்கள்.

ப்ளூரே படம் பார்ப்பதற்காகப் பழைய டெஸ்க்டாப்புக்கு டிரைவ் வாங்காதீர்கள். ஸ்க்ரீன், கிராஃபிக்ஸ் கார்டு, உரிமம் பெற்ற பிளேயர் மூன்றும் ஒத்துப்போகவேண்டும், பிராசஸரும் திணறும். தகவல் சேமித்த ப்ளூரே தட்டுகளுக்கு மட்டும் என்றால் சரி. அப்போதும் எக்ஸ்பி அந்தத் தட்டுகளின் கோப்பு அமைப்பைத் தானாகப் படிக்காது, விஸ்டா முதல் படிக்கும்.

பழைய கேம் ஓடுகிறது, பின்னணி இசை மட்டும் வரவில்லை.

இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். 90களின் பல கேம்களில் இசை சாதாரண ஆடியோ சிடி டிராக்காகவே தட்டில் இருக்கும். கேம் 'நான்காவது பாட்டைப் போடு' என்று டிரைவுக்குச் சொல்லும். உள் டிரைவாக இருந்தால் அதன் பின்னாலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய நான்கு முனை ஒயரில் பாட்டு வந்துவிடும். எக்ஸ்டர்னல் டிரைவில் அந்த ஒயருக்கு இடமே இல்லை. எக்ஸ்பியில் டிவைஸ் மேனேஜர் போய், டிரைவின் பண்புகளில் டிஜிட்டல் சிடி ஆடியோவை இயக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். அதன் பிறகு இசை யூஎஸ்பி வழியாகவே வரும்.

ஆப்பிளின் சூப்பர்டிரைவ் கையில் இருக்கிறது. அதை மாட்டலாமா?

மாட்டினால் டிஸ்க்கை உள்ளேயே இழுக்காது. 2008இல் மேக்புக் ஏரோடு வந்த அந்த டிரைவ், மேக்கிடமிருந்து கூடுதல் மின்சாரத்துக்கான தனிக் கட்டளை வரும்வரை தூங்கிக்கொண்டே இருக்கும். சாதாரண கம்ப்யூட்டர் அந்தக் கட்டளையை அனுப்புவதில்லை. லினக்ஸில் கைமுறையாக அனுப்பி எழுப்ப முடியும். அப்போதும் போர்ட்டுக்குத் தெம்பு வேண்டும்.

ரைட் செய்யலாமா?

செய்யலாம். படிப்பதைவிட ரைட் செய்ய அதிக மின்சாரம் வேண்டும், அதனால் மேலே சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். பாதியில் மின்சாரம் தடுமாறினால் தட்டு வீண். எக்ஸ்பி தானாக சிடியை மட்டுமே ரைட் செய்யும், டிவிடிக்குத் தனி சாஃப்ட்வேர் தேவை. யூஎஸ்பி 1.1 போர்ட் என்றால் சிடியை 4எக்ஸில் வையுங்கள்.

எக்ஸ்டர்னல் வேண்டாம், உள் டிரைவே போடலாமா?

கேபினெட்டில் இடம் இருந்து, மதர்போர்டில் சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த மெல்லிய கேபிள் இணைப்பு) போர்ட்டும் இருந்தால் நான் அதைத்தான் செய்வேன். 2003, 2004க்குப் பிறகு வந்த பல மதர்போர்டுகளில் சாட்டா உண்டு. உள் டிரைவுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் நேரடியாகக் கிடைக்கின்றன, மோட்டார் கனமானது, வேகமும் அதிகம், பூட் ஆவதிலும் தகராறு இல்லை. வேறு லேப்டாப்பிலும் பயன்படுத்த வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்டர்னல். ஐடிஇ மட்டுமே உள்ள கம்ப்யூட்டருக்குப் புது டிரைவ் கிடைப்பது அரிது. பழையது ஒன்றைக் கழற்றிப் போடும்போது மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரை மறக்காதீர்கள்.

டிரைவ் நன்றாக இருக்கிறது, சில தட்டுகளை மட்டும் படிக்க மறுக்கிறது.

வீட்டில் ரைட் செய்த தட்டுகளில் தகவல் ஒரு சாயப் பூச்சில் பதிந்திருக்கிறது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை மங்க வைக்கும். ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொரு டிரைவ் படிப்பது அடிக்கடி நடப்பதுதான். ஒவ்வொரு டிரைவின் லேசரும் பிழை திருத்தும் விதமும் கொஞ்சம் வேறுபடும். அதனால் ஒன்றில் வரவில்லையென்று தூக்கி எறியாதீர்கள்.

தட்டை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். அப்புறம், ஃபைல் ஃபைலாக இழுத்துப் போடாமல் முழுத் தட்டையும் ஒரே இமேஜாக (தட்டின் முழு நகலான ஒற்றை ஃபைல்) எடுக்கப் பாருங்கள். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களை ஒரு ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே தட்டை வேறு டிரைவில் போட்டு அதே குறிப்பு ஃபைலோடு ஓட்டினால் விடுபட்ட இடங்களை மட்டும் மறுபடி முயலும். உங்கள் பழைய உள் டிரைவ் டிரேயைத் திறக்கத்தான் அடம்பிடிக்கிறது, படிக்கத் தெரியும் என்றால், ஊசித்துளை வழியாகத் திறந்து அதையும் இந்த இரண்டாவது சுற்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.